கிடங்குக்கு உடனே ஐஸ் வேண்டும்

எங்கள் நிறுவனத்தில் யாரும் யாருக்கும் மேலதிகாரி கிடையாது. இதை எங்கள் மேலதிகாரி ஸ்டைனார் வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். இயக்குநர் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. "பேரைச் சொல்லிக் கூப்பிடு, நீ வா போன்னு பேசு" என்பார். வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் ட்ரொம்சோவில் நாங்கள் எல்லாரையும் நீ என்றுதான் சொல்கிறோம். பாதிரியாரை, போலீஸ்காரரை, பல் பிடுங்குகிறவரைக்கூட. ஆகவே இதில் அவர் தனியாக என்ன சலுகை கொடுக்கிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எழுத்தில் மட்டும் அவருக்கு 'ஆர்' விகுதி போட்டுவிடுகிறேன். பெயரிலேயே ஒன்றை ஒட்டவைத்துக்கொண்டு திரிகிற மனிதர், இன்னொன்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

மேலதிகாரி இல்லாத இடத்தில் முடிவை யார் எடுப்பது என்று கேட்பீர்கள். எல்லாரும் சேர்ந்து எடுப்போம். அப்படிச் சேர்ந்து எடுத்த கடைசி முடிவு, காபி இயந்திரத்தை ஜன்னல் பக்கம் நகர்த்துவது. இரண்டு குளிர்காலம் பிடித்தது. நகர்த்தியபின், அங்கே மின் இணைப்பு இல்லை என்று தெரிந்தது.

வடதுருவக் கடலில் பழைய காலத்தில் எவ்வளவு ஐஸ் மிதந்தது, எப்போது காணாமல் போனது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லாததால் சேற்றிடம் கேட்கிறோம். கப்பலிலிருந்து நீளமான குழாயைக் கடலடியில் குத்தி இறக்கினால் சேறு அடுக்கடுக்காக உள்ளே ஏறிவரும். கீழே போகப்போகப் பழசு. மிதக்கும் ஐஸின் அடியில் ஒருவகைப் பாசி ஒட்டி வளரும். அது செத்து விழும்போது தன் கொழுப்பைச் சேற்றில் விட்டுவிட்டுப் போகும். எந்த அடுக்கில் அந்தக் கொழுப்பு இருக்கிறதோ அந்தக் காலத்தில் ஐஸ் வந்து போயிருக்கிறது என்று கணக்கு.

கொண்டுவந்த குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் வெள்ளரிக்காய் மாதிரி நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒன்று வேலைப் பாதி. சுரண்டுவது, கிள்ளுவது எல்லாம் இதில்தான். மற்றது காப்புப் பாதி. அதை யாரும் தொடக் கூடாது. பின்னால் யாருக்காவது சந்தேகம் வந்தால் பார்ப்பதற்காக வைத்திருக்கிறோம். நான் சேர்ந்த நாளிலிருந்து பலருக்கும் பல சந்தேகங்கள் வந்துவிட்டன. ஒருவரையும் பார்க்க விட்டதில்லை.

என் பெயர் ரூனே. பத்திரிகைகளுக்குச் செய்திக் குறிப்பு எழுதித் தருவது என் பிழைப்பு. அடுத்த மேசையில் ஓஷில்ட் இருந்தாள். தற்காலிக வேலை. ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் வடக்கே போன கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே போய் ஒரு குழாய்ச் சேற்றோடு வந்தவள். அந்த இடத்துக்கு இனிமேல் எப்போது கப்பல் போகும் என்று யாருக்கும் தெரியாது. அவள் குழாயின் அடிப்பக்கம் கரும்பழுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. லட்சம் வருடத்துக்கும் முன்னால் பூமி ஒருமுறை நன்றாகச் சூடானதே, அந்தக் காலத்துச் சேறு. அன்றைய கோடையில் கடலில் ஐஸ் இருந்ததா இல்லையா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். சாப்பிடும்போதும் அதே பேச்சு. ஆய்வகத்தில் அவள் முறை வர இலையுதிர்காலம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை சேறு குளிர்க்கிடங்கில் பத்திரமாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

ஜூலையில் எங்கள் நாடு மொத்தமாகக் கதவைச் சாத்திவிட்டு விடுமுறைக்குப் போகும். அதற்கு முந்தின நாள் காலையில் ஓஷில்ட் ஓடிவந்தாள்.

"ரூனே, கிடங்கு வேர்க்குது."

"யாருக்கு வேர்க்குது?"

"கிடங்குக்குய்யா! சுவரெல்லாம் தண்ணி ஓடுது. குளிர் மெஷின் செத்துப்போச்சு. எந்திரி, எந்திரி!"

போய்ப் பார்த்தோம். ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும் இயந்திரம் கப்சிப். வெளியே அன்று முப்பது டிகிரி. சூரியன் மறையாத மாதம் வேறு, ஆறுவதற்கு ராத்திரி என்று ஒன்றே கிடையாது. ஓஷில்ட் தன் குழாயைத் தடவிப் பார்த்தாள்.

"சூடானா பூஞ்சை புடிக்கும். பூஞ்சை அந்தக் கொழுப்பத் தின்னுடும். அவ்வளவு காலம் கடலுக்கடியில பத்திரமா இருந்தது, நம்ம கிட்ட வந்து ஒரு வாரத்துல போயிடும். அப்புறம் நான் எதைப் போய்ப் பாக்கிறது?"

கட்டடப் பராமரிப்பாளர் ஒட்கெய்ருக்குப் போன் அடித்தேன். பதிவு செய்துவைத்த குரல் பேசியது. "நான் ஒட்கெய்ர். காட்டுல என் குடில்ல இருக்கேன். மீன் புடிச்சிட்டிருக்கேன். உனக்கும் லீவுதானே? நீயும் போய்ப் புடி."

குளிர் இயந்திரம் பழுது பார்க்கிற கடைகளும் இதையே வேறு வேறு மீன்களின் பெயரோடு சொல்லின. ஓஷில்ட் ஸ்டைனாரிடம் ஓடினாள். அவர் உடனே வட்டக் கூட்டம் கூட்டினார். வட்டக் கூட்டம் என்றால், வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தன் மனசுக்குள் இன்று என்ன வானிலை என்று சொல்ல வேண்டும். சொல்லி முடிக்காமல் விஷயத்துக்குப் போகக் கூடாது.

பாதுகாப்பு அதிகாரி யூருன் "லேசான மேகம்" என்றாள். கணக்குப் பார்க்கிறவர் "பனிமூட்டம், ஆனா ஸ்டைனார் பேசினா விலகிடும்" என்றார். ஸ்டைனாருக்கு ஐஸ் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கிடங்கில்தான் பஞ்சம், கூட்டத்தில் தாராளமாகவே இருந்தது.

ஓஷில்டின் முறை வந்தது. "கிடங்குல பதினெட்டு டிகிரி!"

"அது கிடங்கோட வானிலை," என்றார் ஸ்டைனார் கனிவாக. "நான் கேட்டது உன்னோடது."

"என் சேறு அழுகப்போகுது, ஸ்டைனார்!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படித் துடைத்தால் பேச்சு நீளும்.

"இங்க பாரு ஓஷில்ட். நாம சாதாரண ஆளுங்க இல்ல. லட்சம் வருஷத்த ஒரு முழத்துக்குள்ள பாக்கிறவங்க. ஒரு வாரம்னா என்ன? உன் சேத்துல அது ஒரு முடி கனம்கூட வராது. வெளியில உலகம் பதறுது. நாமளும் பதறினா நம்மளப் பாத்து யாரு நிதானம் கத்துக்குவா? நானும் வந்த நாள்லேருந்து எத்தனையோ அவசரத்தப் பாத்துட்டேன். ஒண்ணுக்கும் நான் எதுவும் செஞ்சதில்ல. எல்லாம் தானா முடிஞ்சிபோச்சு. அதனாலதான் இன்னிக்கும் இங்க உக்காந்திருக்கேன்."

கணக்குக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. வெப்பத்தை அணுகும் முறை பற்றி ஆராய ஒரு குழு போடுவதென்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தோம். உறுப்பினர்கள் விடுமுறையில் இருப்பதால் முதல் கூட்டம் ஆகஸ்ட் கடைசியில்.

ஓஷில்ட் யூருனைப் பிடித்தாள். "என் குழாய நானே வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போறேன். அதுக்காவது விடு."

"ஒரு ஆள் தூக்கக் கூடாது. ரெண்டு பேர் தூக்கணும். ரெண்டு பேரும் தூக்கும் பயிற்சி முடிச்சிருக்கணும்."

"பயிற்சி எப்ப?"

"செப்டம்பர்ல. அதுவும் நிச்சயமில்ல. சொல்லிக் குடுக்கிறவன் முதுகுப் புடிப்புல படுத்திருக்கான்."

"சரி, தூக்கல. தள்ளிட்டுப் போறேன்."

"வாசல் தாண்டினா பதிவு நம்பர் போயிடும். நம்பர் போச்சுன்னா அது குழாய் இல்ல, வெறும் மண்ணு."

"இப்பவும் மண்ணுதானே?"

"இப்ப அது நம்பர் போட்ட மண்ணு," என்று சொல்லிவிட்டு யூருன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். மணி பதினொன்று. அந்த நேரத்தில் எங்கள் நாட்டில் பூகம்பம் வந்தாலும் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியைத் தின்றுவிட்டுத்தான் ஓடுவோம்.

இதற்குள் ஓஷில்ட் அறிவிப்புப் பலகையில் 'ஐஸ் குழு' என்று ஒன்று இருப்பதைப் பார்த்துவிட்டாள். எங்கள் மொழியில் கடலில் மிதப்பதற்கும் அதே சொல்தான், குச்சியில் வைத்துச் சப்புவதற்கும் அதே சொல்தான். வடதுருவத்தை ஆராய்கிற இடத்தில் ஐஸ் குழு என்று பலகையில் போட்டிருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அவளும் அதைத்தான் நினைத்தாள். தற்காலிகக்காரி, கோடை விருந்துக்கு இருந்ததில்லை. நான் போனில் தொங்கிக்கொண்டிருந்தபோது அவள் அந்தக் குழுவுக்கு ஒரே வரி அனுப்பினாள்: கிடங்குக்கு உடனே நிறைய ஐஸ் வேண்டும்.

கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. "கட்டாயம்! என்ன வகை?"

கட்டியா தூளா என்று கேட்கிறார்கள் போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "எந்த வகையானாலும் சரி. சீக்கிரம்."

என்னிடம் வந்து முகமெல்லாம் மலர்ந்து சொன்னாள். "ரூனே, இங்கயும் வேலை செய்யிறவங்க இருக்காங்கய்யா!"

நான் வாயைத் திறப்பதற்குள் தாழ்வாரத்தில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. ஐஸ் குழுவின் தலைவி சிரி, பெயருக்கேற்ற முகத்தோடு வந்தாள். வண்டி நிறைய ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம். பலூன்கள்கூட இருந்தன.

"இது என்ன?" என்றாள் ஓஷில்ட்.

"ஐஸ்! நீ வகை சொல்லல, அதான் எல்லாருக்கும் புடிச்சதா எடுத்துட்டேன். வெயிலுக்குக் கிடங்குலயே வெச்சுக் குடுக்கலாம்னு உனக்குத் தோணிச்சு பாரு, அதான் மூளை."

அந்த நிறுவனத்தில் கேட்டவுடனே கிடைத்த ஒரே பொருளைப் பார்த்தபடி ஓஷில்ட் நின்றாள். அதற்குள் செய்தி பரவி எல்லாரும் கிடங்குக்குள் வந்துவிட்டார்கள். வெளியைவிட உள்ளே கொஞ்சம் குளுமைதான். சேற்றுக் குழாய்களுக்கு நடுவே கோனும் கையுமாக நின்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டார்கள். ஸ்டைனார் அலமாரிமேல் முழங்கையை ஊன்றிப் பேச ஆரம்பித்தார்.

"நண்பர்களே, வடக்குல ஐஸ் கரைஞ்சிட்டிருக்கு. நம்ம கண்ணு முன்னாடியே கரையுது. நாம என்ன செய்யிறோம்? கவனிக்கிறோம். வேற யாராலயும் முடியாத அளவுக்கு நாம கவனிக்கிறோம்!"

அவர் கையிலிருந்தது முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. பேச்சு முடிந்ததும் மிச்சமிருந்த டப்பாக்களைப் பார்த்தார். "ஓஷில்ட் கவலப்பட்டாளே, இதையெல்லாம் அவ குழாய் மேலயே அடுக்குங்க. குளிர்ச்சியா இருக்கட்டும்."

"அது காப்புப் பாதியாச்சே," என்றேன். "தொடக் கூடாதே."

"நாம எங்க தொடறோம்?" என்றாள் யூருன். "டப்பாதானே தொடுது."

மூடி சரியாக இல்லாத டப்பாக்களை அவர்களே அடுக்கினார்கள். சேற்றைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை வியர்த்துத் தளர்ந்து கிடந்தது. பிறகு எல்லாரும் "நல்ல கோடை! நல்ல கோடை!" என்று கைகுலுக்கிவிட்டுத் தங்கள் குடில்களைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஓஷில்ட் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வேலைப் பாதியின் முதல் துண்டை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவிட்டாள்.

"பயிற்சி இல்லாம தூக்கறே," என்றேன்.

"நீ வர்றியா, இல்ல அங்கயே நின்னு கவனிக்கிறியா?"

போனேன். வேறென்ன செய்வது, சொல் சுட்டுவிட்டது. சுற்றுச்சூழல் போட்டியில் நிறுவனம் பரிசாக வாங்கி ஒருநாளும் ஓட்டாத சுமைச் சைக்கிள் ஒன்று முன்கூடத்தில் நின்றது. அதில் துண்டுகளை அடுக்கி, போர்வையால் மூடி, இறக்கத்தில் துறைமுகத்துக்கு உருட்டினோம். பிரேக் பிடிக்கவில்லை. சுற்றுலாக்காரர்கள் விலகி நின்று படம் எடுத்தார்கள். ஓஷில்ட் பக்கத்திலேயே ஓடிவந்தாள். "மெதுவாய்யா, அடுக்கு கலங்கிடும்!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

மீன் இறக்கும் கூடத்தின் பொறுப்பாளி டோர்மோட். போர்வையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன எழவு இது? பொணமா?"

"சேறு," என்றாள் ஓஷில்ட். "ஐஸ்ல வெக்கணும். தயவு பண்ணு."

"சேத்துக்கு ஐஸா! சனியன் புடிச்ச வெயில்ல மீனுக்கே பத்தல, படிச்ச கழுதைங்க சேத்த ஓட்டிட்டு வந்திருக்குது பாரு!"

எங்கள் வடக்கில் ஒருவர் திட்டினால் பிரியமாக இருக்கிறார் என்று அர்த்தம். டோர்மோட் எங்களிடம் அன்று அளவு கடந்த பிரியத்தோடு இருந்தார். திட்டிக்கொண்டே பெரிய மீன்பெட்டிகளைக் காலி செய்தார், திட்டிக்கொண்டே ஐஸ் நிரப்பினார். முதல் துண்டை வாங்கியவர் சட்டென்று நின்றார்.

"தல எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்தான் மேல்."

"மாத்தி வெச்சா?"

"காலம் தலைகீழாயிடும்."

"அடச்சீ," என்று சொல்லி, பிறந்த குழந்தையை வாங்குவதுபோல வாங்கி வைத்தார்.

ஆகஸ்டில் நிறுவனம் திறந்தது. காப்புப் பாதியின்மேல் இளஞ்சிவப்பாக ரோமம் முளைத்திருந்தது. வெப்பக் குழு கூடி, இது நிச்சயமாகச் சந்தேகத்துக்குரிய நிலை என்று கண்டு, நிறுவன வரலாற்றிலேயே முதல் தடவையாகக் காப்புப் பாதியைத் தொட அனுமதித்தது. ஆய்வகம் மறுநாளே சேற்றை வாங்கிக்கொண்டது. முடிவு வந்தது. ஐஸ் பாசியின் கொழுப்பு மருந்துக்கும் இல்லை. ஆனால் அதுவரை எந்தத் துருவச் சேற்றிலும் யாரும் காணாத ஒரு கொழுப்பு குவிந்து கிடந்தது. பால் கொழுப்பு.

ஸ்டைனார் எழுந்து நின்றார். "திமிங்கிலம்!" என்றார். "திமிங்கிலத் தாய்ப்பால்!"

ஐஸ் இல்லாத அந்தக் கோடைகளில் வடதுருவக் கடல் திமிங்கிலங்களின் பிரசவ வீடாக இருந்திருக்கிறது என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தோம். இந்த முடிவுக்கு இரண்டு குளிர்காலம் ஆகவில்லை, மத்தியான ரொட்டிக்குள் முடிந்துவிட்டது. ஸ்ட்ராபெரி வாசனைக்குச் செம்பாசி என்று பெயர் வைத்தார்கள். செய்திக் குறிப்பை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பத்திரிகைகள் கொண்டாடின.

வட்டக் கூட்டத்தில் ஓஷில்ட் எழுந்தாள். "அது சிரி கொண்டாந்த ஐஸ்கிரீம்! நீங்க எல்லாரும் அங்க நின்னு தின்னீங்க!"

"உனக்குள்ள இப்ப என்ன வானிலை?" என்றார் ஸ்டைனார்.

"புயல்!"

மனசைத் திறந்து பேசியதற்காக எல்லாரும் கைதட்டினார்கள். அதன் பிறகு ஸ்டைனார் அவள் அனுப்பிய ஒற்றை வரியை வாசித்துக் காட்டினார். "கிடங்குக்கு ஐஸ் வேணும்னு கேட்டது நீதானே? குழு கொண்டாந்து வெச்சுது. ஐஸ் இருந்தா சேறு எப்படிக் கெடும்? கெடலன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரிதானே இது?"

"என் கிட்ட வேலைப் பாதி இருக்கு. கெடாம இருக்கு. அதைப் பாருங்க!"

"வாசல் தாண்டிருச்சே," என்றாள் யூருன் வருத்தமாக.

ஓஷில்டின் வேலை நீட்டிக்கப்படவில்லை. அவள் திறமைக்கு இந்த இடம் சிறியது என்று ஸ்டைனார் எழுதிக் கொடுத்தார். அவள் கரும்பழுப்புப் பட்டையிலிருந்து சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி பெர்கனில் இருந்த ஒரு தோழியின் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். தோட்டத்து மண் பரிசோதனைக்கு விவசாய அலுவலகத்தை அணுகவும் என்று எங்களிடமிருந்து அவளுக்குப் பதில் போனது.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு அவள் மீன் கூடத்துக்கு வந்தாள். நானும் கூடப் போனேன். பெட்டிகள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின்மேலும் டோர்மோட் கரியால் ஒரு அம்புக்குறியும் 'மேல், தொட்டால் கையை ஒடிப்பேன்' என்றும் எழுதிவைத்திருந்தார். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஏ பொண்ணு, கோடை பூரா இந்த எழவுக்குக் காவல் காத்திருக்கேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அப்ப ஐஸ் இருந்துச்சா, இல்லயா?"

ஓஷில்டுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏன், கேக்கக் கூடாதா?"

"இல்ல. இதுவரைக்கும் யாருமே கேக்கல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "குளிர்காலத்துல இருந்துச்சு. கோடையில இல்ல. வருஷா வருஷம் அப்படித்தான்."

"அப்புறம்? கோடையிலயும் திரும்பி வந்துச்சா?"

"வந்துச்சு."

"சீக்கிரமாவா?"

"இல்ல. ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு."

டோர்மோட் கடல் பக்கம் திரும்பினார். ஒரே ஒரு வார்த்தை திட்டினார். இந்தத் தடவை அதில் பிரியம் இல்லை. பிறகு மண்வாரியை எடுத்து, அவள் சேற்றின்மேல் இன்னும் ஒரு வாரி ஐஸ் போட்டார்.